குப்புறவா, ஒருக்களித்தா

விருதுநகர் மெத்தைக் கடைக்குள் நுழைந்து முழுசாக உட்காரக்கூட இல்லை, கடைக்காரர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, நீங்க எப்படிப் படுப்பீக? மல்லாக்கவா, ஒருக்களிச்சா, குப்புறவா?” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. மகளைப் படிக்க வைத்து வேலைக்கும் அனுப்பியாச்சு, இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை எங்களிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. பக்கத்தில் வேறொரு குடும்பம் தலையணை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் காதில் விழும்படி என் புருஷன் எப்படிப் படுப்பார் என்று நான் சொல்ல வேண்டுமாம். நல்ல கூத்து.

இவர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். எதற்கும் என்னைத்தான் பார்ப்பார். கடைசியில் நான்தான், குப்புறத்தான் படுப்பார், மல்லாக்கப் படுக்க முடியாது என்று சொன்னேன். ஏன் என்று கடைக்காரர் கேட்கவில்லை. சட்டைக் காலருக்கு மேலே கழுத்துவரை ஏறி நிற்கிற தழும்பை அவரும் பார்த்திருப்பார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இவர் மருந்து அடைக்கிற வேலை பார்த்தார். கரிசல் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்ன அறைகள். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. செருப்பு ஆகாது, நைலான் ஆகாது, பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கும், அதிலிருந்து பூமிக்குள் கம்பி இறங்கியிருக்கும். உடம்பில் சேர்ந்திருக்கிற கரண்டு இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்கலாம். உட்காருவது வாசலைப் பார்த்து, ஏதாவது என்றால் உடனே ஓடுவதற்கு. வழியில் சட்டி முட்டி எதுவும் கிடக்கக் கூடாது. இவர் எல்லாவற்றையும் சொன்னபடி செய்கிற ஆள். கோயிலுக்குப் போனால் கும்பிட மறந்தாலும் மறப்பார், தகட்டைத் தொட மறக்க மாட்டார்.

அப்படியும் ஒரு நாள் காலையில் அந்த அறை போய்விட்டது. எது உரசியது, பொறி எங்கே விழுந்தது, இன்றுவரை யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார்கள். இவர் வாசல் ஓரத்தில் இருந்ததால் ஓடி வந்துவிட்டார். முதுகும் இடது விலாவும் வெந்துவிட்டன. உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் எங்கள் தெருக்காரி. அவள் வரவில்லை. மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் இவர் வாயில் ஒரே பேச்சுத்தான். “ஓடியா, வெளிய ஓடியா.” மயக்கத்திலும் அதையே சொல்வார். அவளிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நர்சம்மா என்னைப் பார்த்து, உங்களைத்தான் கூப்பிடுகிறார் என்பார். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

தொடையில் தோல் எடுத்து முதுகில் வைத்து அனுப்பினார்கள். உயிர் இருக்கிறதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கூட்டி வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, வைத்த தோல் வேர்க்காது என்று. நமக்கு வேர்த்தால் உடம்பு கொஞ்சம் ஆறும். இவருக்குச் சூடு உள்ளேயே நிற்கும். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்? மழை எட்டிப் பார்க்காத பூமி என்றுதானே வெடித்தொழிலே இங்கே வந்து உட்கார்ந்தது. இப்போது இவருக்கு வேறொரு கம்பெனி வாசலில் வேலை. உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி, செல்போன் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதுகு அனலாய்க் காயும், அரிக்கும். சொறியவும் கூடாது.

சிமெண்டுத் தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுக் குப்புறப் படுப்பார். குளிர்ச்சிதான், ஆனால் நெஞ்செலும்பும் முழங்காலும் நொந்துபோகும். பஞ்சு மெத்தை சூடு. நார் மெத்தை உறுத்தல். மகள் சொன்னாளே என்று ஏசி வைத்துப் பார்த்தோம், அந்தத் தோல் வறண்டு வெடித்தது. தூக்கமில்லாமல் கண் செக்கச் செவேலென்று கம்பெனி வேனில் ஏறிப் போகிறவரைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். சமைத்துப் போடலாம், எண்ணெய் தடவிவிடலாம், கம்பெனிக்காரனோடு சண்டை போடலாம். எல்லாம் செய்தேன். தூக்கத்தை எங்கே போய் வாங்க?

அதைத்தான் வாங்கலாம் என்றாள் எங்கள் மகள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவளே எதையெல்லாமோ படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்குப் பாடம் நடத்தினாள். கீழே ஸ்பிரிங், மேலே மெத்து மெத்தென்று நுரை, அதற்கும் மேலே சூடு பிடிக்காத துணி. ஹைப்ரிட் என்று பெயராம். அப்பாவுக்காக என் முதல் செலவு, வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்றாள். ஒன்றே ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்: அப்பாவைக் கடையில் படுக்க வைத்துப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்கள். மழை பிடித்திருந்தது. சாத்தூர் போய் பஸ் மாறி விருதுநகரில் இறங்கினோம்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், பொறுமையான மனுஷர். குப்புறப் படுக்கிறவருக்கு மெத்தை ரொம்ப மெத்தென்று இருந்தால் வயிறு கீழே போய் இடுப்பு வலிக்குமாம். ஒருக்களித்துப் படுக்கிறவருக்குக் கெட்டியாக இருந்தால் தோள்பட்டை போய்விடுமாம். நான் ஒருக்களித்து, காலை மடக்கிப் படுப்பவள். அதையும் கேட்டு வாங்கிவிட்டார். ஒரே மெத்தையில் இரண்டு விதமாகப் படுக்கிறவர்களுக்கு இது சரி, அது சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கடைசியாகப் பெருமையாக ஒன்று சொன்னார், இதில் ஒருத்தர் புரண்டால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாதாம். எனக்குப் பகீரென்றது. இவர் புரண்டால் எனக்குத் தெரிய வேண்டுமே. அந்த விபத்துக்கு அப்புறம் இவர் மூச்சு மாறினால் விழித்துக்கொள்கிற உடம்பு என்னுடையது. தெரியாமல் தூங்கு என்றால் எப்படி?

“படுத்துப் பாருங்க அண்ணாச்சி” என்றார். அங்கேதான் வந்தது வினை. கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே ரோடு, பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். இவர் குப்புறப் படுத்தால் சட்டை மேலே ஏறும், முதுகு தெரியும். அதை விடுங்கள், புருஷனும் பெண்டாட்டியும் நடுப்பகலில் ஊர் பார்க்கப் படுத்து எழுந்திருப்பதாவது. நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். இவர் கத்திரிக்காய் பார்க்கிற மாதிரி மெத்தையை ஓரத்தில் அமுக்கிப் பார்த்தார். துணியை விரலால் தேய்த்து, பருத்தியா என்று கேட்டார். பருத்தியை விடக் குளிர்ச்சியான நூல் அண்ணாச்சி என்றார் கடைக்காரர். இவர் சரி என்று தலையாட்டினார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற மனுஷர்தான்.

அப்புறம் என்ன தோன்றியதோ, நின்றபடியே குனிந்து, கன்னத்தை அந்த மெத்தையில் வைத்தார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். “சில்லுனு இருக்கு புள்ள” என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் கேட்கவில்லை. கன்னத்தை வைத்துப் பார்த்து மெத்தை வாங்கிய ஆட்கள் இந்த ஜில்லாவிலேயே நாங்களாகத்தான் இருக்கும்.

மெத்தை வந்தது. மழை நாட்கள் முழுக்க இவர் தூங்கினார். பொய் சொல்லவில்லை, அசந்து தூங்கினார். குப்புறப் படுத்து, வலது கன்னத்தை அழுத்திக்கொண்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். விடிந்தும் எழுந்திருக்காமல் வேனைத் தவற விட்டார் ஒரு நாள். நான் திட்டவில்லை, சந்தோஷமாக இருந்தது. மகளிடம் போனில் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். எங்கள் தெருவில் யார் கேட்டாலும் மெத்தையைக் காட்டி, அமுக்கிப் பார் அமுக்கிப் பார் என்று ஒரே அலட்டல். நல்ல காலம் வந்துவிட்டது என்றே நினைத்துவிட்டேன்.

தை பிறந்து மழை ஈரமெல்லாம் போய்க் காற்று வறண்டது. ஒரு விடிகாலை எழுந்து பார்த்தால் பக்கத்தில் ஆள் இல்லை. கடைக்காரர் சொன்னது சரிதான், இவர் எழுந்து போனது எனக்குத் தெரியவே இல்லை. சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தார். ஏங்க என்றேன். சும்மாதான், காற்று வாங்கப் படுத்தேன் என்றார். மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். நான் எழுந்திருக்கும் முன்னால் மெத்தைக்கு வந்து படுத்துக்கொள்ளப் பார்ப்பார், மகள் செலவு செய்தது வீணாகிவிட்டது என்று நான் வருத்தப்படுவேனாம். கேட்டுக் கேட்டுக் கடைசியில் வாயைத் திறந்தார். போர்வையை இழுக்கும்போது மெத்தைத் துணி படபடவென்று பொரிகிறதாம். எனக்கும் கேட்டிருந்தது. நைலான் சேலையை உருவும்போது கேட்கிற சத்தம்தானே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இவருக்கு அது வேறு சத்தம்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வறட்டுக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் தடவிவிடலாம் என்று இவரை மெத்தையில் படுக்கச் சொன்னேன். சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்தார். நான் சேலையோடு மெத்தையில் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து உட்கார்ந்து, தோளில் விரலை வைத்தேன். வேகாத தோல் இருக்கிற இடம் அது, உணர்ச்சி உள்ள இடம். டிக்கென்று ஒரு சின்னப் பொறி. எனக்கே விரல் நுனியில் சுண்டியது.

அடுத்த நொடி இவர் மெத்தையில் இல்லை. கதவில் இடித்துக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, வெறும் கைலியோடு தெருவுக்கே ஓடிவிட்டார். “ஓடியா. வெளிய ஓடியா” என்று கத்தினார். நான் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்து பார்த்தால், தெருவில் அடிகுழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இரும்புக் குழாய் பூமிக்குள் இறங்கி இருக்கிறதல்லவா, அதனால். முதுகு முழுக்க ஊரே பார்க்கிறது. கடையில் எதை மறைக்கப் படுக்காமல் நின்றாரோ, அது நடுத்தெருவில். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர் யாரைக் கூப்பிட்டார் என்று தெரியும். அன்றைக்கு வெளியே வராமல் போனவளுடைய அம்மா எதிர்வீட்டு வாசலில்தான் நின்றாள். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தேன். “தொடாத. மொதல்ல நீ குழாயத் தொடு” என்றார். தொட்டேன். அதற்கப்புறம்தான் கையைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து நான் படாத பாடு. மெத்தைமேல் பழைய பருத்தி வேட்டிகளை இரண்டு அடுக்காக விரித்தேன். வீட்டில் கட்டுகிற சேலையெல்லாம் நூல் சேலையாக்கினேன். தரையைத் துடைத்துத் துடைத்து ஈரமாக வைத்தேன். மகள் ஏதோ காற்றில் ஈரம் விடுகிற மெஷினைப் பற்றிச் சொன்னாள், மெத்தைக் கம்பெனிக்காரர்களிடம் அதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள், நாள் கடந்துவிட்டது என்றார்களாம். இவர் தரையிலேயே கிடந்தார். நெஞ்செலும்பு வலி திரும்ப வந்தது, கண் சிவப்பு திரும்ப வந்தது. மெத்தையை மட்டும் ராஜா மாதிரி கட்டிலில் கிடத்தியிருந்தேன். பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. அதைத் தெருவில் இழுத்துப் போட்டுக் கொளுத்திவிடலாமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். எங்கள் வீட்டில் நெருப்புப் பற்றி நினைக்கிற நினைப்பைப் பாருங்கள்.

அப்போதுதான் எனக்குச் செம்புத் தகடு ஞாபகம் வந்தது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, படுக்கிற அறை வாசலில் ஒரு தகட்டை அடித்து, கம்பியைப் பூமிக்குள் இறக்கித் தா என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அக்கா, மோட்டாருக்கு எர்த் போட்டிருக்கேன், பிரிட்ஜுக்குப் போட்டிருக்கேன். மெத்தைக்கு எர்த் போடச் சொன்ன வீடு இதுதான்” என்றார். சிரிப்பு வந்தால் சிரித்துவிட்டு வேலையைப் பார் என்றேன். சிரிக்காமலே போட்டுக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் இவர் வேனில் வந்து இறங்கி, கை கால் கழுவிவிட்டு உள்ளே வந்தார். தகட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துத் தகட்டில் வைத்து, கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் அறைக்குள் கால் வைத்தார். கம்பெனியில் எப்படிச் செய்வாரோ அதே மாதிரி. எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை. வீட்டையும் கம்பெனியாக்கிவிட்டேனே என்றிருந்தது. ஆனால் மனுஷர் மெத்தையில் படுத்தார். தூங்கினார்.

இப்போது நானும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறேன். எண்ணெய் தடவும் முன்னால் ஒரு தடவை, தடவிக்கொண்டிருக்கும்போது எழுந்து வந்தால் மறுபடி ஒரு தடவை. “தொட்டுட்டியா?” என்று குப்புறப் படுத்தபடியே கேட்பார். தொட்டுட்டேன் என்பேன். கட்டின புருஷனைத் தொடுவதற்கு முன்னால் இரும்பையும் செம்பையும் தொட வேண்டியிருக்கிறது எனக்கு. யாரிடம் போய் இதைச் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்து, அப்பா தூங்குவதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். நான் சொன்னால் நம்ப மாட்டாளாம், கண்ணால் பார்க்க வேண்டுமாம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். செல்போனை எடுத்துக்கொண்டு, தகட்டைத் தொட்டுவிட்டு, உள்ளே போனேன்.

போட்டோ எடுக்கப் பார்க்கும்போதுதான் அவர் படுத்திருப்பதை முழுசாகப் பார்த்தேன். அத்தனை பெரிய மெத்தையில் நடுவில் படுக்கவில்லை. கதவுப் பக்கத்து விளிம்பில், முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டு குப்புறக் கிடந்தார். ஒரு கால் மெத்தையில் இருந்தது. இன்னொரு கால் கட்டிலுக்கு வெளியே இறங்கி, விரல் தரையில் ஊன்றி இருந்தது. எண்ணெய்க் கிண்ணம், தண்ணீர்ச் சொம்பு எல்லாவற்றையும் வழியில் இல்லாமல் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறார். தினமும் அப்படித்தான் படுக்கிறாரோ என்னவோ. புரண்டால் தெரியாத மெத்தையில் எனக்கு எப்படித் தெரியும்? கடைக்காரர் கேட்ட மூன்றிலும் இந்தப் படுக்கை இல்லை.

மெதுவாக அந்தக் காலைத் தூக்கி மெத்தைமேல் வைத்தேன். தூக்கம் கலையவில்லை. கையை எடுத்ததுமே கால் தானாக நகர்ந்து, விளிம்பைத் தேடி, கீழே இறங்கித் தரையைத் தொட்டது. மறுபடி தூக்கி வைத்தேன். மறுபடி இறங்கியது. குறட்டை அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. நான் கட்டிலோரத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் போய் நின்று, கால் தெரியாமல் போட்டோ எடுத்து அனுப்பினேன். கன்னம் மெத்தையில் அழுந்தி, வாய் திறந்து, குழந்தை முகமாக வந்திருந்தது.

உடனே போன் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “இப்பத்தாம்மா எனக்கு நிம்மதி” என்றாள். “முகம் மட்டும்தான் தெரியுது. எப்படிப் படுத்திருக்காக அப்பா? ஒருக்களிச்சா, குப்புறவா?”

நான் அந்தக் காலைப் பார்த்தேன். பெருவிரல் தரையில் அழுந்தியிருந்தது. குதிகால் தூக்கியே இருந்தது.

“குப்புறத்தான்” என்றேன்.